சர்யானின் கிழக்கு: நிழல் ஏன் இவ்வளவு நீலம்?

செம்மண்காரன்:
ஆர்மீனிய ஓவியர் மார்டிரோஸ் சர்யானைப் (1880–1972) பற்றி இந்தக் குழுமத்தில் இழை எதுவும் கண்ணில் படவில்லை, அதனால் நானே தொடங்குகிறேன். 1910-இல் கான்ஸ்டான்டினோபிள் (இன்றைய இஸ்தான்புல்), 1911-இல் எகிப்து, 1913-இல் பாரசீகம் என்று வரிசையாகப் பயணம் போயிருக்கிறார். அந்தப் பயணங்களில் பிறந்த படங்கள்தான் அவருக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தன.

இரண்டு படங்களை முதலில் பாருங்கள். ஒன்று 'தெரு, நண்பகல், கான்ஸ்டான்டினோபிள்' (1910). இரண்டு பக்கமும் உயர்ந்த வீடுகள், நடுவே ஒடுக்கமான சந்து, மேலே ஒரு துண்டு வானம். வெயில் விழுந்த இடமெல்லாம் ஆரஞ்சும் மஞ்சளும். நிழல் விழுந்த இடம் அப்பட்டமான நீலம். மனிதர்கள் ஆளுக்கு நாலு தீட்டு, அவ்வளவுதான். இன்னொன்று 'பேரீச்சை மரம், எகிப்து' (1911). மண் வீடுகளுக்கு நடுவே ஒரே மரம் எழுந்து, படத்தின் மேல்பாதியையே ஓலையால் மூடிவிடுகிறது. வீடும் ஒட்டகமும் ஆட்களும் அதன் காலடியில் கிடக்கிறார்கள். இரண்டுமே மாஸ்கோவின் ட்ரெத்யாகோவ் கேலரியில் இருக்கின்றன.

என் கேள்வி எளிமையானதுதான். நிழலை இப்படி ஒரே நிறமாக அப்பிவிட்டால் படம் தட்டையாகிவிடும் என்றுதான் நமக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். இங்கே மட்டும் எப்படி வெயில் அடிக்கிறது?

தூரிகைத்தேனி:
நல்ல கேள்வி, தம்பி. இருபது வருடத்துக்கு மேல் பள்ளியில் ஓவியம் சொல்லிக்கொடுத்தவன் என்ற முறையில் எனக்குப் பிடிபட்டதைச் சொல்கிறேன்.

வெயில் நேரத்து நிழல் உண்மையிலேயே நீலம் கலந்ததுதான். சூரியனின் நேரடி வெளிச்சம் தடுக்கப்பட்ட இடத்துக்கு மிச்சமிருக்கும் வெளிச்சம் வானத்திலிருந்து வருகிறது, வானம் நீலம். வெள்ளைச் சுவரின் மீது விழும் மர நிழலைக் காலையில் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தால் தெரியும். வெளிச்சத்தின் கணநேரத் தோற்றத்தைத் தீட்டிய பிரெஞ்சு இம்ப்ரெஷனிஸ்டுகள் இதை முன்பே பிடித்துவிட்டார்கள். சர்யானுக்கும் இது புதிதல்ல, ஏனென்றால் மாஸ்கோ ஓவியப் பள்ளியில் அவருக்கு ஆசிரியர்களாக இருந்தவர்கள் வலென்டின் செரோவும் கான்ஸ்டான்டின் கொரோவினும். கொரோவின் ரஷ்ய இம்ப்ரெஷனிசத்தின் முக்கியமான ஆள்.

ஆனால் கொரோவினோ பிரெஞ்சுக்காரர் மோனேவோ நிழலைத் தீட்டும்போது உள்ளே நூறு நிறங்களைத் துண்டு துண்டாக வைப்பார்கள். நீலத்துக்குள் ஊதா, பச்சை, கொஞ்சம் ரோஸ். கண் அதற்குள் போய் அலையும். சர்யான் அந்த வேலையையே விட்டுவிட்டார். நிழலை ஒரு பொருளாக, சுவர் மாதிரி கெட்டியான ஒன்றாக வைக்கிறார். பக்கத்தில் ஆரஞ்சு, நீலத்துக்கு நேர் எதிர்நிறம். இரண்டும் கலக்காமல் விளிம்போடு விளிம்பாக உரசும்போது ஆரஞ்சு கொதிக்கிறது. நீங்கள் சொல்லும் வெயில் ஆரஞ்சுக்குள் இல்லை, அந்த விளிம்பில் இருக்கிறது. நீலப் பகுதியைக் கையால் மறைத்துவிட்டுப் பாருங்கள், ஆரஞ்சு அப்போதே வெறும் பெயின்ட் ஆகிவிடும்.

இன்னொன்று, அவர் பயன்படுத்தியது டெம்பரா (நிறப்பொடியை முட்டைக்கரு மாதிரியான பசையில் குழைத்த வண்ணம்), அதுவும் அட்டை மீது. எண்ணெய் வண்ணம் மாதிரி நாள்கணக்கில் ஈரமாக இருந்து, இழுத்துக் குழைத்து, ஓரத்தை மிருதுவாக்க விடாது. சீக்கிரம் காய்ந்துவிடும், பளபளப்பு இருக்காது. வைத்த தீட்டு வைத்ததுதான். தயங்குகிற கை டெம்பராவில் உடனே காட்டிக்கொடுக்கப்படும். இந்தப் படங்களில் ஒரு தயக்கத்தைக் காட்டுங்கள் பார்ப்போம்.

சும்மா_ஒரு_வாசகன்:
அட, இது பிரெஞ்சு ஓவியர் மத்தீஸ் பாணி தானே? தட்டை நிறம், எதிர்நிறம், விவரம் கிடையாது. பாரிஸில் செய்ததை எடுத்து எகிப்தில் ஒட்டிவிட்டார். இதில் ஆர்மீனியா எங்கே வந்தது?

பழஞ்சுவடி:
நண்பரே, வருடங்களை வரிசைப்படுத்திவிட்டு அப்புறம் தீர்ப்புச் சொல்லுங்கள்.

மத்தீஸைச் சர்யான் பார்க்கவில்லை என்று யாரும் சொல்லப்போவதில்லை. 1908-இல் 'தங்கக் கம்பளி' இதழ் மாஸ்கோவில் நடத்திய கண்காட்சிக்குப் பிரான்சிலிருந்து கோகன், வான்கோ, செசான், மத்தீஸ் எல்லோருடைய படங்களும் வந்தன. அடுத்த ஆண்டுக் கண்காட்சியும் அப்படித்தான். துணி வியாபாரி செர்கேய் ஷூகினின் வீட்டில் கோகனின் தாஹிதி ஓவியங்கள் வரிசையாகத் தொங்கின, மத்தீஸும் இருந்தார். சர்யான் அந்த வட்டத்துக்குள்ளேயே இருந்தவர். 1907-இல் மாஸ்கோவில் நடந்த 'நீல ரோஜா' கண்காட்சியில் பங்கேற்றவர்.

ஆனால் மத்தீஸ் மொராக்கோ போனது 1912 ஜனவரியில். அதற்கு முன் 1906-இல் அல்ஜீரியாவுக்கு ஒரு குறுகிய பயணம். அங்கே அவர் பெரிதாக எதையும் தீட்டிவிடவில்லை. அவர் மாஸ்கோவுக்கு நேரில் வந்தது 1911 இலையுதிர்காலத்தில். சர்யானின் கான்ஸ்டான்டினோபிள் தெரு அதற்கு முந்தைய வருடமே தீட்டி முடிக்கப்பட்டுவிட்டது, எகிப்துப் படங்களின் தேதியும் 1911. கிழக்கின் தெருவில் நின்று, கிழக்கின் வெயிலைத் தட்டை நிறத்தால் பிடிக்கும் வேலையில் இவர் முன்னால் போய்விட்டார். யார் யாரைக் காப்பியடித்தார் என்ற பஞ்சாயத்துக்கே இங்கே இடமில்லை. இருவரும் ஒரே கிணற்றில் இறைத்தவர்கள்: பாரசீகச் சிற்றோவியம், கம்பளம், ஓட்டுச் சித்திரம். மத்தீஸ் 1910-இல் மியூனிக் நகரில் நடந்த இஸ்லாமியக் கலைக் கண்காட்சியை இதற்காகவே போய்ப் பார்த்தார்.

இன்னொரு சாட்சியும் இருக்கிறது. 'ஓடும் நாய்' என்று சர்யான் 1909-இல் தீட்டிய படம். கொளுத்தும் வெயிலில் ஒரு நாய் ஓடுகிறது. அந்த நீலமும் மஞ்சளும் அதில் அப்போதே வந்துவிட்டன. கான்ஸ்டான்டினோபிளுக்கு அவர் இன்னும் கப்பலே ஏறவில்லை. அதாவது கிழக்கு போய்த்தான் அவருக்கு நிறம் கிடைத்தது என்ற கதையும் முழுக்கச் சரியில்லை. கையில் வைத்திருந்த நிறத்துக்குப் பொருத்தமான ஊரைத் தேடிப் போனார் என்று நான் சொல்வேன்.

மாடத்துப்புறா:
'கையில் இருந்த நிறத்துக்கு ஊரைத் தேடிப் போனார்.' பழஞ்சுவடி ஐயா பாராட்டாகத்தான் எழுதியிருக்கிறார், ஆனால் எனக்கு இருக்கும் சங்கடமே இதுதான்.

ஜெரோம் மாதிரியான ஐரோப்பிய ஓவியர்கள் கிழக்குக்கு வந்து பாம்பாட்டி, அடிமைச் சந்தை, ஹம்மாம் (பொதுக் குளியலகம்) என்று பளபளவென்று வரைந்து கொண்டுபோனார்கள். மேற்கு கிழக்கைக் கற்பனையாகச் சித்திரித்ததை விமர்சித்து எட்வர்ட் சைத் எழுதிய பிறகு அந்தப் படங்களைப் பழைய கண்ணால் பார்க்க முடியாது. சர்யான் அந்த ரகமில்லை என்பது பார்த்ததும் தெரிகிறது. ஓலைப்பாயின் பின்னலைக்கூட எண்ணி வரையும் பைத்தியம் அவருக்கு இல்லை, பெண்ணுடம்பை விற்பனைக்கு வைக்கவுமில்லை. ஆனால் 'நடந்துபோகும் பெண்' (1911) என்ற எகிப்துப் படத்தைப் பாருங்கள். அந்தப் பெண்ணுக்கு உடையின் நிறம் இருக்கிறது, நடையின் வேகம் இருக்கிறது, முகம் என்று சொல்லத்தக்க எதுவும் இல்லை. கான்ஸ்டான்டினோபிள் தெருவில் போகிறவர்களும் அப்படியே. மரத்துக்கு இருக்கும் ஆளுமை மனிதருக்கு இல்லை. எகிப்து அப்போது பிரிட்டிஷ் படையின் பிடியில் இருந்த நாடு. படத்தில் அதன் வாடையே கிடையாது. பேரீச்சை மரம் காலங்காலமாக அங்கேயே நிற்பதுபோல் நிற்கிறது. 'காலமற்ற கிழக்கு' என்பதுதானே அந்தப் பழைய பொய்யின் முதல் வரி?

தூரிகைத்தேனி:
அம்மா, முகம் இல்லாதது எகிப்தியருக்கு மட்டும் வழங்கப்பட்ட தண்டனை அல்ல. அதே காலத்தில் அவர் வரைந்த எந்தத் தெருக் காட்சியிலும் எவருக்கும் முகம் கிடையாது. நிலக்காட்சியில் முகம் வைத்தால் பார்வை நேரே அங்கே போய் ஒட்டிக்கொள்ளும். மரமும் சுவரும் பின்னணி ஆகிவிடும். அவருக்கு அது வேண்டாம். முகம் வரைய வேண்டிய இடத்தில் பிரமாதமாக வரைந்தவர், போர்ட்ரெயிட்டுகளைத் தனியாகப் பாருங்கள்.

மாடத்துப்புறா:
அந்தப் போர்ட்ரெயிட்டுகளில் எகிப்தியர் எத்தனை பேர், ஐயா? கவிஞர்கள், நடிகர்கள், விஞ்ஞானிகள் என்று பெரும்பாலும் தன் சமூகத்தின் ஆட்கள். எகிப்திலிருந்து அவர் படத்துக்குள் கொண்டுவந்த முகங்கள் பழைய முகமூடிகள். 'எகிப்திய முகமூடிகள்' என்றே 1911-இல் ஒரு படம் இருக்கிறது. செத்துப்போன எகிப்தியருக்குக் கண் இருக்கிறது, உயிரோடு தெருவில் நடப்பவருக்கு இல்லை. நான் சொல்வது அவ்வளவுதான்.

டான்கரை:
நான் ரொஸ்தோவில் மருத்துவம் படித்தவன். இங்கே எல்லோரும் சர்யானைக் கிழக்கில் பிறந்தவர் என்று எடுத்துக்கொண்டு பேசுவதால் குறுக்கிடுகிறேன். அவர் பிறந்தது ஆர்மீனியாவில் இல்லை. டான் நதிக்கரையில் இருந்த நோர் நகிச்செவான் என்ற ஊரில். இப்போது அது ரொஸ்தோவ் நகரத்துக்குள் ஒரு பகுதி, 1928-இல் சேர்த்துவிட்டார்கள். அந்தப் பகுதியை இன்றும் நகிச்செவான் என்றே சொல்வார்கள். எங்கள் ஊர்ப் பையன்களுக்கு அது மார்க்கெட் இருக்கும் இடம், அவ்வளவுதான் தெரியும்.

ஊர் உருவான கதை இது. கிரீமியாவில் இருந்த ஆர்மீனியர்களை 1778-இல் பேரரசி இரண்டாம் காத்தரீன் காலத்தில் கூட்டமாக அங்கிருந்து கிளப்பி இந்தப் புல்வெளிக்குக் கொண்டுவந்தார்கள், அடுத்த ஆண்டு நகரம் அமைக்க உரிமை கொடுத்தார்கள். சர்யான் குடும்பத்துக்கு சம்பேக் என்ற சிற்றாற்றங்கரையில் பண்ணை இருந்தது. அவர் சின்ன வயதில் பார்த்ததெல்லாம் ஸ்டெப்பி. கண்ணுக்கு எட்டியவரை புல், மேலே வானம், கோடையில் சகிக்க முடியாத வெயில். ரஷ்யா என்றதும் நமக்குப் பனி மட்டும்தான் ஞாபகம் வருகிறது. ஜூலையில் ரொஸ்தோவுக்கு வந்து பாருங்கள், மதுரை தோற்றுவிடும்.

அவர் ஆர்மீனிய மண்ணை முதன்முதலில் மிதித்தது 1901-இல், இருபத்தோரு வயதில். மலை என்பதையே அப்போதுதான் பக்கத்தில் பார்த்திருப்பார். அதுவரை வீட்டில் பேசிய மொழியும் பெரியவர்கள் சொன்ன கதைகளும்தான் அவருடைய ஆர்மீனியா. ஊர் திரும்பிய பிறகு 'தேவதைக் கதைகளும் கனவுகளும்' என்ற வரிசையைத் தொடங்கினார். மாதுளை, மான், நட்சத்திரம், நீரூற்று. பார்த்த நாட்டைவிடக் கற்பனை செய்த நாடு அதில் அதிகம். எனக்கு என்னவோ, கான்ஸ்டான்டினோபிளுக்கும் கெய்ரோவுக்கும் அவர் போனது கனவை மூட்டை கட்டிவிட்டு நிஜ வெளிச்சத்தைப் பார்க்கத்தான் என்று படுகிறது.

பழஞ்சுவடி:
டான்கரை சொன்னது இந்த விவாதத்துக்கு அவசியமான தகவல். கவிஞரும் ஓவியருமான மாக்சிமிலியன் வொலோஷின் 1913-இல் 'அப்பொல்லோன்' இதழில் சர்யானைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். கிழக்கை வரைந்தாலும் இவர் ஓரியண்டலிஸ்ட் இல்லை என்பதுதான் அவருடைய வாதத்தின் சாரம். ஐரோப்பியன் வெளியிலிருந்து வேடிக்கை பார்க்கிறான், இவரோ உள்ளே இருப்பவர் என்கிற மாதிரி. மாடத்துப்புறா எழுப்பிய கேள்வி அப்போதே எழுந்திருக்கிறது, பாருங்கள். ஆனால் வொலோஷினின் பதில் எனக்குப் போதவில்லை. டான் ஸ்டெப்பியில் வளர்ந்து மாஸ்கோவில் படித்த கிறித்தவ ஆர்மீனியன் கெய்ரோவில் எப்படி உள்ளாள் ஆவான்? வெளியாளும் இல்லை, உள்ளாளும் இல்லை. அந்த இரண்டுங்கெட்டான் நிலைதான் படங்களைச் சுவாரசியமாக்குகிறது.

ஒரு கிளைச் செய்தி. அதே நோர் நகிச்செவானில் பிறந்தவர்தான் மிக்காயெல் நல்பந்தியான் என்ற எழுத்தாளர். இன்றைய ஆர்மீனிய தேசிய கீதம் அவர் கவிதையிலிருந்து எடுத்தது. கல்கத்தாவில் வாழ்ந்த ஆர்மீனியர் விட்டுச்சென்ற உயில் சொத்தை அந்த ஊருக்காக வாங்கிவர 1860-களின் தொடக்கத்தில் அவர் கல்கத்தா வரை வந்தார். கல்கத்தாவில் ஆர்மீனியர் எப்படி வந்தார்கள் என்பது பெரிய கதை, அக்பர் காலத்திலிருந்து ஆரம்பிக்க வேண்டும். சொல்லப்போனால்...

மட்டுறுத்துநர்:
ஐயா, கல்கத்தாவுக்குத் தனி இழை தொடங்குங்கள். இங்கே சர்யான்.

கடலோடி:
கடல் ஓவியர் ஐவசோவ்ஸ்கியை யாரும் குறிப்பிடவில்லையே? அவரும் ஆர்மீனியர்தான், கிரீமியாவின் ஃபியோடோசியாவில் பிறந்தவர் (1817–1900). ஒட்டோமான் சுல்தான்களே அவரிடம் ஓவியம் கேட்டு வாங்கினார்கள். கான்ஸ்டான்டினோபிளுக்குப் பலமுறை போனவர். சூயஸ் கால்வாய் திறப்புக்கு 1869-இல் எகிப்து போனவர். சர்யானுக்கு முன்பே கிழக்கைச் சுற்றி வந்துவிட்டார். அவர் வரைந்த போஸ்பரஸ் நீரிணையின் நிலவொளிக்கு முன்னால் இந்த ஆரஞ்சுச் சந்து எனக்குச் சினிமா போஸ்டர் மாதிரி இருக்கிறது. மன்னிக்கவும்.

தூரிகைத்தேனி:
மன்னிப்பு எதற்கு, ஒப்பிட இதைவிட நல்ல ஜோடி கிடையாது. ஒரே ஊரை இரண்டு ஆர்மீனியர்கள் வரைந்திருக்கிறார்கள். ஐவசோவ்ஸ்கி தண்ணீரில் நின்று ஊரைப் பார்க்கிறார். மினாரெட்டும் குவிமாடமும் தூரத்தில் மங்கலாக, நடுவே நிலவொளி. கடலையும் மின்னலையும் எதிரே நின்று வரைய முடியாது, நினைவிலிருந்துதான் வரையணும் என்பது அவர் கொள்கை. எண்ணெய் வண்ணத்தை மெல்லிய அடுக்கு அடுக்காகப் பூசி உள்ளிருந்து ஒளி வருவதுபோல் செய்வார். சர்யானின் தெருவில் புகழ்பெற்ற கட்டடம் ஒன்றுகூட இல்லை. கடலும் இல்லை. நண்பகல், யாரும் படம் வரைய விரும்பாத நேரம். அழகிய காட்சி என்று பயணக் கையேடு சொல்கிற எல்லாவற்றையும் தவிர்த்துவிட்டு, பழக்கடையையும் நாயையும் ஒடுக்கமான தெருவையும் எடுத்துக்கொள்கிறார்.

சினிமா போஸ்டர் என்று திட்டுவதற்குச் சொன்னீர்கள். அந்த பேனர் ஓவியர்களும் தூரத்திலிருந்து பார்க்கிற கண்ணுக்காகத்தான் நிறத்தைக் கலக்காமல் வைத்தார்கள். நான் அதைக் குறையாக எடுத்துக்கொள்ள மாட்டேன்.

மாடத்துப்புறா:
நாய் என்றதும் ஒன்று சொல்லியாக வேண்டும். 'கான்ஸ்டான்டினோபிள் நாய்கள்' என்று அவர் 1910-இல் வரைந்தார் இல்லையா? அதே 1910-இல்தான் அந்த நகர நிர்வாகம் தெருநாய்களைப் பல்லாயிரக்கணக்கில் பிடித்து, மர்மரா கடலில் இருக்கும் ஹயிர்சிசாதா என்ற வறண்ட தீவில் கொண்டுபோய் விட்டது. தண்ணீரும் தீனியும் இல்லாமல் அவை ஒன்றையொன்று கடித்துத் தின்று செத்தன. ஊளைச் சத்தம் கடல் தாண்டிக் கேட்டதாகச் சொல்வார்கள். நகரத்தை ஐரோப்பா மாதிரி 'நவீனமாக' ஆக்குகிறோம் என்ற பெயரில் நடந்தது இது.

சர்யான் வரைந்தவை வெயிலுக்கு ஒதுங்கி நிழலில் சுருண்டு கிடக்கும் நாய்கள். அந்த நகரத்தின் தெருநாய்களுக்குக் கிடைத்த கடைசி உருவப்படங்களில் ஒன்றாக அதைப் பார்க்கலாம். என் புகாரை நானே பலவீனப்படுத்துகிறேன் என்று நினைக்காதீர்கள். படத்தில் அந்தச் செய்தி எங்கேயும் இல்லை. வெளியிலிருந்து நாம் கொண்டுபோய் வைத்தால்தான் உண்டு.

செம்மண்காரன்:
இதைப் படித்ததும் முதுகுத்தண்டில் ஏதோ ஓடியது, அக்கா. அப்படியானால் மனிதர்கள் விஷயமும் அதேதானே? 1909 ஏப்ரலில் ஒட்டோமான் பேரரசின் அதானா நகரில் ஆர்மீனியர் படுகொலை. அடுத்த வருடம் ஓர் ஆர்மீனியர் அதே அரசின் தலைநகரத் தெருவில் நடக்கிறார். 1915 ஏப்ரல் 24 அன்று அதே நகரத்தில் இசையறிஞர் கொமிதாஸ் உட்பட ஆர்மீனிய அறிவாளிகளைக் கூட்டமாகக் கைது செய்கிறார்கள். அந்த நீல நிழல் வெறும் வானத்தின் பிரதிபலிப்புதானா? வரப்போவது அவருக்குத் தெரிந்திருக்குமோ?

பழஞ்சுவடி:
தம்பி, வேண்டாம். 1915-ஐ எடுத்து 1910-இன் தலையில் கவிழ்க்காதீர்கள். 1908 புரட்சிக்குப் பிறகு அரசியல் சட்டம் திரும்ப வந்தது என்று அந்த நகரத்து ஆர்மீனியர்களில் நிறைய பேர் நம்பிக்கையோடு இருந்த காலம் அது. அதானா அந்த நம்பிக்கையில் விழுந்த அடி, அது உண்மை. ஆனாலும் சர்யான் ஜோசியர் இல்லை. நிழல் நீலமாக இருப்பதற்குத் தூரிகைத்தேனி சொன்ன காரணமே போதும்.

1915 அவரை எப்படித் தாக்கியது என்பதற்குச் சாட்சி வேறு இடத்தில் இருக்கிறது. படுகொலைக்குத் தப்பி ஆர்மீனியத் திருச்சபையின் தலைமையிடமான எச்மியாட்சினுக்கு வந்து குவிந்த அகதிகளுக்கு உதவப் போனார். பட்டினி, காய்ச்சல், வரிசையாகச் சாவு. பார்த்துப் பார்த்து மனம் குலைந்து, உடல்நலம் கெட்டு, திஃப்லிஸுக்கு (ஜார்ஜியாவின் இன்றைய திபிலீசி) கொண்டுபோக வேண்டியதாயிற்று. இவ்வளவு பார்த்தவர் அந்தக் கோரத்தைப் பிணக்குவியலாக வரைந்து வைக்கவில்லை. திரும்பத் திரும்ப மலர்கள், பழங்கள், மலைகள். இரண்டாம் உலகப் போர் முடிந்த 1945-இல், அதில் போரிட்ட ஆர்மீனியர்களுக்குக் காணிக்கையாக அவர் தீட்டியதும் ஒரு பெரிய மலர்க்காடுதான். துக்கத்தை அவர் இருட்டு நிறத்தில் வைப்பவரே இல்லை. அதனால் நீலத்தில் துக்கத்தைத் தேடுவது வீண்வேலை.

தூரிகைத்தேனி:
நடுவே ஒரு நடைமுறை விஷயம். எல்லோரும் மொபைலில்தான் பார்க்கிறீர்கள் என்று நினைக்கிறேன். அதே தெருப் படம் ஒரு தளத்தில் எலுமிச்சை மஞ்சளாக, இன்னொன்றில் செங்கல் நிறமாக இருக்கிறது. டெம்பரா வெளிச்சத்தை உறிஞ்சி அடங்கி நிற்கும், திரையோ வெளிச்சத்தை உமிழும். திரையில் கத்துகிற அளவுக்கு நேரில் கத்தாது. அந்தத் தெருப் படம் உயரத்தில் முக்கால் மீட்டர்கூட இல்லை, அட்டைதான். கேலரி தன் தளத்தில் போட்டிருக்கும் படத்தை எடுத்து, வெளிச்சத்தைக் குறைத்து வைத்துப் பாருங்கள்.

செம்மண்காரன் வரைகிறவர் என்பதால் ஒரு பயிற்சி. நண்பகலில் உங்கள் தெரு, போஸ்டர் கலர், சாதாரண மவுண்ட் அட்டை. நீலம், ஆரஞ்சு, மஞ்சள், கொஞ்சம் கறுப்பு மட்டும். நிழலுக்குள் விவரம் எதுவும் போடக்கூடாது. ஆரஞ்சும் நீலமும் சந்திக்கும் இடத்தில் ஈரம் கலக்கக்கூடாது, ஒன்று காய்ந்த பிறகே மற்றது. ஆட்களைக் கடைசியில், எண்ணி நாலு தீட்டில். வரைந்து இங்கேயே போடுங்கள், திட்டுவதற்கு நான் இருக்கிறேன்.

சும்மா_ஒரு_வாசகன்:
சரி, மத்தீஸ் காப்பி என்ற வாதத்தைக் கொஞ்சம் ஒதுக்கிவைக்கிறேன். இந்தப் பயணங்களுக்கு அப்புறம் ஆள் என்ன ஆனார்? பாரிஸ் போனாரா இல்லையா?

டான்கரை:
போனார், ஆனால் நீங்கள் நினைக்கிற காலத்தில் இல்லை. சுருக்கமாகச் சொல்கிறேன்.

1916-இல் திஃப்லிஸில் லூசிக் அகயானைத் திருமணம் செய்தார். அவர் எழுத்தாளர் கஸாரோஸ் அகயானின் மகள். 1921-இல் சோவியத் ஆர்மீனியாவின் அழைப்பில் குடும்பத்தோடு யெரெவானில் குடியேறினார். அங்கே அருங்காட்சியகம் அமைத்தார், நாடக அரங்குக்குத் திரைச்சீலை வரைந்தார், அராரத் மலை வைத்த குடியரசுச் சின்னத்தையும் வடிவமைத்தார். (அராரத் எங்கள் எல்லைக்குள் இருக்கிறதே என்று துருக்கி கேட்டதாகவும், உங்கள் கொடியில் நிலா இருக்கிறதே, அது உங்களுடையதா என்று சோவியத் தரப்பு திருப்பிக் கேட்டதாகவும் ஒரு செவிவழிக் கதை உண்டு. நடந்ததோ இல்லையோ, கதை ஜோர்.)

1926 முதல் 1928 வரை பாரிஸ். 1928-இல் அங்கே தனிக் கண்காட்சி. முடிந்து திரும்பும் வழியில் கப்பலில் தீப்பிடித்து, அந்தக் காலத்துப் படங்களில் பெரும்பாலானவை எரிந்துபோயின. 1937-இல் இன்னொரு நெருப்பு. ஸ்டாலின் ஆட்சியில் மக்கள் விரோதிகள் என்று முத்திரை குத்தப்பட்டவர்களின் உருவப்படங்களை அழித்தார்கள், அவற்றில் சர்யான் வரைந்தவையும் போயின. கவிஞர் யெகிஷே சாரென்ட்ஸை அவர் 1923-இல் வரைந்த படம் மட்டும் எப்படியோ தப்பியது. சாரென்ட்ஸ் தப்பவில்லை, அதே 1937-இல் சிறையில் இறந்தார்.

யெரெவானில் அவர் வீட்டை 1967-இல், அவர் உயிரோடு இருக்கும்போதே அருங்காட்சியகமாக்கினார்கள். ஆர்மீனியாவின் இருபதாயிரம் திராம் நோட்டில் அவர் முகம் இருந்தது. 2018-இல் வந்த புது நோட்டில் அந்த இடம் ஐவசோவ்ஸ்கிக்குப் போய்விட்டது. கடலோடிக்குச் சந்தோஷமாக இருக்கும்.

கடலோடி:
நியாயம் தாமதமாகத்தான் கிடைக்கும்.

தூரிகைத்தேனி:
பயணப் படங்கள் அவருக்கு எதற்குப் பயன்பட்டன என்று பார்க்க, 1923-இல் தீட்டிய 'ஆர்மீனியா', 'மலைகள்' இரண்டையும் எடுத்துக்கொள்ளுங்கள். டெம்பராவை விட்டு எண்ணெய்க்கும் கேன்வாஸுக்கும் வந்துவிட்டார், ஆனால் கை அதே கைதான். 'மலைகள்' படத்தில் சரிவுகளை ஊதா, பச்சை, ஆரஞ்சுப் பட்டைகளாக அடுக்குகிறார். ஒவ்வொரு சரிவின் நிழலும் தனி நிறத் துண்டு, உள்ளே குழைவு இல்லை. கான்ஸ்டான்டினோபிள் சந்தில் ஒற்றைச் சுவருக்குச் செய்ததை இங்கே ஒரு மலைத்தொடருக்கே செய்கிறார்.

'ஆர்மீனியா' இன்னும் துணிச்சல். அதில் தெரியும் காட்சியை எந்த ஓரிடத்தில் நின்றும் நீங்கள் பார்க்க முடியாது. மலை, பள்ளத்தாக்கு, வீடுகள், முன்னால் தட்டைக் கூரையில் ஆடும் பெண்கள் என்று பல இடங்களைச் சேர்த்து ஒரு நாடாக்கியிருக்கிறார். பேரீச்சை மரப் படத்தில் ஒரே மரம் எகிப்து முழுவதற்கும் நின்றது. அந்தச் சுருக்கம் கைவராமல் இதைத் துணிந்திருக்க முடியாது. கெய்ரோவில் கற்றதை யெரெவானில் செலவு செய்தார் என்பது என் கட்சி.

மாடத்துப்புறா:
ஐயா, நீங்கள் சொன்ன இரண்டு படங்களையும் பெரிதாக்கிப் பார்த்தேன். முகம் இங்கேயும் இல்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் 'மலைகள்' படத்தின் அடியில் ஆட்கள் மாடு பூட்டி உழுகிறார்கள். கூரையில் இருக்கும் பெண்கள் ஆடுகிறார்கள், ஏதோ கொண்டாட்டம். அந்த நிலத்தில் அவர்களுக்கு ஒரு வேலை இருக்கிறது, காரணம் இருக்கிறது. எகிப்துப் படத்தில் மரத்தடியில் இருப்பவர்கள் சும்மா இருக்கிறார்கள், பெண் எங்கேயோ நடந்து போகிறாள். எங்கே, எதற்கு என்பதை வரைந்தவர் கேட்டுக்கொள்ளவில்லை. அந்த ஊரில் அவர் வந்துபோகிறவர், யெரெவானில் குடியிருப்பவர். வித்தியாசம் நிறத்தில் இல்லை, ஆட்கள் என்ன செய்கிறார்கள் என்பதில் இருக்கிறது. 1911 படங்களைப் பற்றிய என் புகார் அப்படியே நிற்கிறது, 1923-க்கு அது பொருந்தாது.

பாரசீகப் படங்களை இந்தக் கண்ணோடு இன்னும் நான் பார்க்கவில்லை. அவற்றில் ஸ்டில் லைஃப்பும் கலந்திருப்பதால் தெருக் காட்சிகளைத் தனியாகப் பிரித்து வைத்துப் பேச வேண்டும். யாரிடமாவது நல்ல பிரதிகள் இருந்தால் போடுங்கள்.

செம்மண்காரன்:
பயிற்சியை ஆரம்பித்துவிட்டேன், ஐயா. அட்டை ஈரத்தில் வளைகிறது. பின்பக்கமும் ஒரு கை பூசினால் நேராகுமா?

தூரிகைத்தேனி:
ஆகும். பின்பக்கம் தண்ணீர் விட்ட வெள்ளையை ஒரு கோட்டிங் கொடுத்து, காய்ந்ததும் கனமான புத்தகங்களுக்கு அடியில் ஒரு ராத்திரி வையுங்கள். அப்புறம் வண்ணத்தைக் கொஞ்சம் கெட்டியாகவே எடுங்கள்.